இளையோர் புதினங்களும் தமிழாய்வுலகின் பாராமுகமும்

தோற்றுவாய்

ஒரு நூலை ஆய்வுக்குரியது என ஏற்பதற்கும் அன்று எனத் தள்ளுவதற்கும் தமிழ்த்துறைகளில் வழங்கும் அளவுகோல்கள் பெரும்பாலும் எழுதப்பெறாதவை. எழுதப்பெறாமையினாலேயே அவை வினாவுக்கு உட்படுவதும் இல்லை. பதின்பருவத்தினர் விரும்பிப் படிக்கும் காதற் புதினங்களும் மாயப் புனைவுகளும் இத்தகைய விதியொன்றினால் ஆய்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பெற்றுள்ளன. அவற்றை ஆய்வுப்பொருளாக முன்மொழியும் மாணவர்க்கு, ‘இவையெல்லாம் இலக்கியமா?’ என்னும் மறுமொழியே பெரிதும் கிடைக்கிறது. அஃது உண்மையான வினாவாக எழுப்பப்பெறின் வரவேற்கத்தக்கதே. ஆனால், வினாவின் வடிவில் அமைந்த தீர்ப்பாகவே அது வழங்கப்பெறுகிறது.

இப்புதினங்கள் அனைத்தும் உயர்ந்தவை என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அவற்றுள் குறைகள் உண்டு. சில மிகக் கடுமையானவை. அக்குறைகளை அளந்து காட்டும் கருவி தமிழ்ப் பொருளிலக்கண மரபிடம் உண்டு என்பதும், கருவியை உடையோர் அதனைக் கையிலெடுக்க மறுப்பதால் இளம் வாசகர் திறனாய்வின் துணையின்றி விடப்பெறுகின்றனர் என்பதுமே இங்கு வலியுறுத்தப்பெறுகின்றன. அண்மையில் கட்டுரையாளர் படித்த சில நூல்கள் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்பெறுகின்றன.

பருவத்திற்குப் பெயருண்டு, புதினத்திற்கு இல்லை

உலா இலக்கியம் பெண்ணின் வாழ்வைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவங்களாகப் பகுத்தது. வயதெல்லைகள் நூலுக்கு நூல் சற்று வேறுபடினும், மடந்தைப் பருவத்தைப் பதினான்கு முதல் பத்தொன்பது வரை எனக் கொள்வது பெருவழக்கு. இன்று மேலைநாட்டுப் பதிப்புலகம் இளையோர் புதினம் என வகுக்கும் எல்லையும் ஏறத்தாழ இதுவே. எஸ்.இ. ஹிண்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் தாமே பதின்பருவத்தினராக இருந்து எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்ததை இவ்வகையின் தொடக்கமாகப் பலர் கொள்வர். பருவத்தைப் பெயரிட்டுப் போற்றிய தமிழ், அப்பருவத்தார் படிப்பதற்கென ஒரு புதின வகையைப் பெயரிட்டு வளர்க்கவில்லை.

சிறுவர்க்கு எழுதியோர் தமிழில் உண்டு. அழ. வள்ளியப்பாவின் (1922–1989) பாடல்களும், 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வும், வாண்டுமாமாவின் கதைகளும் பல தலைமுறைச் சிறுவரை வளர்த்தன. மறுபுறம், மாத நாவல்களாகவும் வாடகை நூலகங்களின் வழியாகவும் பரவிய ரமணிசந்திரன் முதலியோரின் காதற் புதினங்கள் பெண் வாசகரிடையே பெருவாழ்வு பெற்றன. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மாயம் சிறுவர்க்குரியதாகவும், காதல் மணமான பெண்டிர்க்குரியதாகவும் பங்கிடப்பெற்றது. இரண்டையும் ஒருங்கே வேண்டிநிற்கும் பதினைந்து வயதினர் இரு பங்கிலும் இடம்பெறவில்லை. அண்ணனின் அலமாரியிலிருந்த சாண்டில்யனையும், அம்மாவின் தலையணையடியிலிருந்த ரமணிசந்திரனையும், வீட்டுக்கொரு படியாக இருந்த ‘பொன்னியின் செல்வ’னையும் அவர்கள் எடுத்துப் படித்தனர். தமிழில் இளையோர் புதினம் இல்லை என்பதை விட, அது பிறர் பெயரில் வாழ்ந்தது என்பதே பொருந்தும்.

விலக்கிற்குக் கூறப்பெறும் காரணங்கள்

இப்புதினங்களைத் தள்ளுவோர் கூறும் காரணங்களை மூன்றாகத் தொகுக்கலாம். இவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை, இவை அயல்மரபின, இவை இளையோரைக் கெடுப்பவை. இவற்றுள் முதலிரண்டும் தமிழிலக்கியம் கற்றோர் கூறத்தகாதவை.

வாய்பாடு குறையாயின், முதற்கண் குறைப்பட வேண்டியது அகப்பாடலே. இயற்கைப் புணர்ச்சி, தோழியின் துணை, அலர், இற்செறிப்பு, உடன்போக்கு என நிகழ்ச்சிகள் முன்னரே வகுக்கப்பெற்றவை. பேசுவோர் யாவர், எவரிடம், எச்சூழலில் பேசுவர் என்பதும் வகுக்கப்பெற்றதே. அவ்வரையறைக்குள் நின்றே புலவர் வேறுபட்டனர். கபிலரும் ஔவையாரும் ஒரே துறையில் பாடினும் ஒரே பாடலைப் பாடவில்லை என்பதை வகுப்பில் நாளும் விளக்கும் நாம், காதற் புதினம் என்றவுடன் வாய்பாட்டையே குற்றமாக்குவது முரண். வாய்பாட்டிற்குள் ஓர் ஆசிரியர் என்ன செய்தார் என்பதே திறனாய்வின் வினா. அதற்கு நூலைப் படித்தாக வேண்டும்.

அயல்மரபு என்பதும் பொருந்தாது. மணிமேகலையை எண்ணுக. இளம்பெண் ஒருத்தி, அவளைத் தொடரும் சோழ அரசிளங்குமரன், அவளை வான்வழியே மணிபல்லவத்திற்கு எடுத்துச் செல்லும் தெய்வம், வேற்றுருக் கொள்ளவும் விண்வழிச் செல்லவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்கள், கோமுகிப் பொய்கையிலிருந்து வரும் அள்ளக் குறையாத அமுதசுரபி, உதயகுமரன் முற்பிறவியில் தன் கணவன் இராகுலனாக இருந்தான் என்னும் அறிவு, காயசண்டிகையின் உருவில் அவள் மறைந்து திரிய, அவ்வுருவின் காரணமாகவே அவன் காஞ்சனனின் வாளுக்கு இரையாதல். இக்கதைச் சுருக்கத்தை நூற்பெயர் கூறாமல் இன்றைய பதிப்பாளர் ஒருவரிடம் அளிப்பின், இளையோர் மாயக் காதற் புதினம் என்றே அவர் அட்டையில் அச்சிடுவார். சிலப்பதிகாரமும் கண்ணகிக்குப் பன்னிரண்டும் கோவலனுக்குப் பதினாறும் வயதெனக் கூறியே தொடங்குகிறது. அவ்வயது மணத்தை இன்றைய சட்டம் தடுப்பது முற்றிலும் சரியே. நம் பெருங்காப்பியங்கள் இளையோரின் வாழ்வைக் கதைக்குத் தகாத சிறுபொருளாகக் கருதவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

எஞ்சிய மூன்றாம் காரணம் ஆராயத்தக்கது. கட்டுரையாளர் அதனைப் பெருமளவு ஏற்கவும் செய்கிறார். ஆனால், கெடுக்கும் என்னும் ஐயமே ஒரு நூலைப் படிப்பதற்கான காரணமன்றோ? நோய் பரவுகிறது எனக் கூறிய பின் மருத்துவர் ஊரைவிட்டு அகல்வதில்லை.

காதற் புதினம்: ஐந்திணையா, பெருந்திணையா?

ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ 2005இல் வெளிவந்தது. பதினேழு வயது பெல்லா, குருதியுண்டு வாழும் எட்வர்டைக் காதலிக்கும் கதை இது. நான்கு புதினங்களாக 2008இல் நிறைவுற்ற இவ்வரிசை இன்றும் இந்திய மாணவியரிடையே கைமாறிப் படிக்கப்பெறுகிறது. இதன் ஈர்ப்பிற்குக் காரணம் குருதியுண்ணும் வியப்பு மட்டும் அன்று. முதற்புதினம் முழுவதும் பெல்லாவின் கூற்று. ஒரு பெண் தன் விழைவைத் தானே, வெட்கமின்றி, நீளப் பேசுகிறாள். தலைவி கூற்றின் ஆற்றலை அறிந்த தமிழாய்வாளர்க்கு இவ்வீர்ப்பு விளங்காத புதிராக இருத்தல் இயலாது.

ஆயினும், அதே புதினத்தில் எட்வர்டு அவள் அறியாமலே இரவுகளில் அவளது அறைக்குள் புகுந்து அவள் உறங்குவதைப் பார்த்திருக்கிறான். மூன்றாம் புதினமான ‘எக்லிப்ஸ்’ஸில் (2007) அவள் நண்பனிடம் செல்லாதவாறு அவளது வண்டியின் எந்திரப் பகுதியொன்றைக் கழற்றிவிடுகிறான். பின்னர் அவன் விட்டுக்கொடுப்பினும், இச்செயல்கள் அன்பின் மிகுதியாகவே கதைப்போக்கில் பொருள்கொள்ளப்பெறுகின்றன.

நம் காதற் புதினங்களிலும் இக்கூறு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதிய ரமணிசந்திரனின் உலகில் செல்வமும் சினமும் மிக்க தலைவன், எளிய நிலையிலுள்ள தன்மானம் மிக்க தலைவி, ஒரு தவறான புரிதல், இறுதியில் இணக்கம் என்னும் அமைப்பு மீள மீள வருகிறது. அவரிடத்து ஒரு சிறப்பையும் குறிப்பிட வேண்டும். தலைவியின் தன்மானத்தை அவர் எளிதில் விலைபேசுவதில்லை. தன் உழைப்பால் நிற்க விழையும் பெண்ணை அவர் மதிப்போடு படைக்கிறார். ஆனால், ஆணின் கடுஞ்சொல்லைக் காதலின் மறைமொழியாகப் படிக்கப் பழக்கியதில் இவ்வகைப் புதினங்களுக்குப் பங்குண்டு. இன்று கைப்பேசித் திரையில் தொடராக வரும் புதினங்களில் இக்கூறு முற்றி, ‘ஆன்டி ஹீரோ’ கதை என்னும் தனிவகையாகவே வழங்குகிறது. கடத்துதல், மிரட்டி மணத்தல், மணந்தபின் ஒறுத்தல் ஆகியவற்றைச் செய்தவனும் இறுதியில் காதலனாகவே ஏற்கப்பெறும் கதைகள் அவ்வகையில் பல.

இங்கேதான் தொல்காப்பியம் நமக்கு உதவ வேண்டும். ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்றும், பொருந்தாக் காமத்தைப் பெருந்திணை என்றும் பிரித்து, அன்பின் ஐந்திணையை இவற்றிற்கு இடையில் தனியே நிறுத்தியது அந்நூல். காமம் மிக்கு வலிந்து அடைதலைப் பெருந்திணையின் குறிப்புகளுள் ஒன்றாகவே அது எண்ணியது. ஒத்த அன்புக்கும் வன்முறைக்கும் இடையே கோடு கிழித்த இலக்கணம் நம்முடையது. ஐந்திணையின் உடையணிந்து வரும் பெருந்திணையை அடையாளங்காட்ட வல்லோர் தமிழாய்வாளரை விட யாவர்? பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், ‘இதைப் படிக்காதே’ என்பதை விட, ‘இத்தலைவன் செய்வது எத்திணை?’ என வினவுவது பயனுடையது. முன்னது அவளை ஒளிந்து படிக்க வைக்கும், பின்னது திறனாய்வாளராக்கும். திணைக்கோட்பாட்டை மனனம் செய்து தேர்வில் எழுதும் பொருளாக மட்டும் வைத்திருக்கும் நாம், அது உயிரோடு இயங்கத்தக்க களத்தை நாமே பூட்டி வைத்திருக்கிறோம்.

மாயப் புனைவு: வியப்பும் அறமும்

மாயப் புனைவைச் சிறுபிள்ளைத்தனம் எனத் தள்ளுவோர், ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையை (1997–2007) முழுதும் படித்தனரா என வினவத் தோன்றுகிறது. ஏழு நூல்களில் தலைமகன் பதினொரு வயதுச் சிறுவனிலிருந்து இளைஞனாக வளர்கிறான். அவனோடு நடையும் நிகழ்ச்சியும் இருள்கின்றன. அவ்வுலகின் பெரும்பகை மந்திரக்கோலில் இல்லை. தூய குருதி, கலப்புக் குருதி எனப் பிறப்பால் மனிதரைப் பிரிக்கும் எண்ணத்தில் இருக்கிறது. பிறப்பொழுக்கத்தின் பெயரால் பிளவுண்ட சமூகத்து வாசகன் இதனை எவ்வாறு படிக்கிறான் என்பது தமிழில் எழுதப்பெற வேண்டிய ஆய்வு. அவ்வரிசையின் குறையும் அங்கேயே உள்ளது. வீட்டேவல் செய்யும் அடிமையினத்தின் விடுதலையை அது எழுப்புகிறது. எழுப்பிய பின் பெரிதும் நகைச்சுவையாக்கி விட்டுவிடுகிறது.

தமிழில் அண்மைக்காலத்தில் நம்பிக்கையூட்டும் முயற்சிகள் தோன்றியுள்ளன. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய விருதினை 2020இல் பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’, பேசும் மரப்பாச்சிப் பொம்மை ஒன்றின் வழியாகப் பாலியல் சீண்டல் என்னும் கொடும்பொருளைச் சிறாரிடம் பேசுகிறது. 2023இல் விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டு இன்றைய சிறுவனைப் பண்டைக் காலத்தோடு இணைக்கிறது. முதல்நூலில் மாயம் அறத்தின் கருவி. மணிமேகலையின் அமுதசுரபிக்கு அது தொலைவான உறவன்று. இரண்டாம் நூல், மேடைகளில் பெருமைப் பேச்சாகிவிட்ட தொன்மையை ஒரு சிறுவனின் விளையாட்டுக்கு மீட்டுத் தருகிறது.

இவ்விரு நூல்களும் காதலைப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் அவற்றிற்கு இல்லை. ஆனால், இவற்றைப் படித்து வளர்ந்த சிறுமி பதினைந்து வயதில் அடுத்து எந்நூலை எடுப்பாள் என்னும் வினாவுக்கு நம் பதிப்புலகிடம் விடையில்லை. அடுத்த படி இல்லாத படிக்கட்டு இது.

பெங்களூரிலிருந்து நோக்கின்

தமிழகத்திற்குள் இருப்போர்க்கு இக்குறை மெல்லவே தோன்றும். பெங்களூரில் அது வெளிப்படை. இலட்சக்கணக்கான தமிழர் வாழும் இந்நகரில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்று, தமிழெழுத்தைப் பன்னிரண்டு வயதுக்குமேல் தாமாகவோ பெற்றோரிடமோ கற்கும் பிள்ளைகள் பலர். கன்னடம் கற்பது அவர்தம் கடமையும் நன்மையுமாகும். அதில் கருத்துவேறுபாட்டிற்கு இடமில்லை. ஆனால், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் அப்பிள்ளைக்கு நாம் அளிப்பன இரண்டே: ஐந்து வயதினர்க்குரிய விலங்குக் கதை, அன்றேல், உரையின்றி விளங்காத செய்யுள். முன்னது அவர்தம் வயதை இழிவுபடுத்துகிறது. பின்னது அவர்தம் ஆற்றலை மீறுகிறது. எழுத்து கைவரப் பெறுவது நிறையப் படிப்பதனால். நிறையப் படிப்பது விரும்பிப் படிப்பதனால். சர்ச் தெருவின் புத்தகக் கடைகளில் அவர்க்குரிய ஆங்கில நூல்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மொழிப்பற்று இல்லாமையால் அவர்கள் ஆங்கிலத்திற்குச் சென்றனர் என்பது எளிய பழி. பற்றுவதற்குக் கொம்பு நடாமல் கொடியைப் பழிப்பது அது.

1950இல் தொடங்கப்பெற்ற பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் அல்சூரில் இயங்கிவருகிறது. அவ்வேரிக்கரையில் 1991 முதல் மூடப்பெற்றிருந்த திருவள்ளுவர் சிலை 2009இல் திறக்கப்பெற்றது. பதினெட்டாண்டுக் காத்திருப்பு அது. சிலை வேண்டியதே. அதனைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் தமிழ்ச் சிறுமி ஒரு தமிழ்நூலைத் தன் விருப்பத்தால் முழுதும் படித்து முடிப்பாளா என்பதற்கு நாம் எத்தனையாண்டு உழைத்தோம்?

இந்நகரிலேயே 2014இல் தொடங்கப்பெற்ற பிரதிலிபி என்னும் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் தொடர்கதைகளைக் கைப்பேசி வழியே வழங்கிவருகிறது. அதில் எழுதுவோரும் படிப்போருமாகப் பெண்கள் பெருந்திரளாக உள்ளனர். காதல் தொடர்கதையே அங்கு முதன்மை. தமிழ்ப் புனைகதையின் பெரியதோர் களம் இன்று தமிழ்த்துறைகளின் கண்ணுக்குத் தெரியாமல் இயங்குகிறது. நல்லதைச் சுட்டுவாரும் தீயதை மறுப்பாரும் அங்கில்லை. படிப்போர் தொகையும் விருப்பக் குறியுமே அங்கு உரையாசிரியர்.

கன்னடச் சூழல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. பெண் வாசகரால் பெரிதும் விரும்பப்பெற்ற திரிவேணியின் (1928–1963) புதினங்கள் புட்டண்ண கணகாலின் ‘பெள்ளி மோட’ (1967), ‘சரபஞ்சர’ (1971) ஆகிய திரைப்படங்களாயின. மனநோயையும் மணவாழ்வையும் பேசிய அவ்வெழுத்துக்குக் கன்னட இலக்கிய வரலாற்றில் இடமுண்டு. மக்கள் விரும்பினர் என்பது ஓர் எழுத்தை ஒதுக்குவதற்குப் போதிய காரணமன்று என்பதற்கு அண்டை வீடே சான்று.

காலந்தாழ்ந்து வரும் ஆய்வு

இவ்விலக்கு புதியதன்று. நூற்றுக்கும் மேற்பட்ட புதினங்களை எழுதி, ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய வை.மு. கோதைநாயகி (1901–1960) வாழ்ந்த காலத்தில் பொழுதுபோக்கு எழுத்தாளர் என்றே தள்ளப்பெற்றார். இன்று பெண்ணெழுத்து ஆய்வுகளில் முன்னோடியாக எண்ணப்பெறுகிறார். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் தொடராக வந்த ‘பொன்னியின் செல்வன்’ வெறும் இதழ்க்கதை எனப் பழிக்கப்பெற்றது. இன்று கல்கியைப் பற்றிய ஆய்வேடுகள் பல்கியுள்ளன. க. கைலாசபதி ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்னும் நூலில் புதினத்தைச் சமூக வரலாற்றோடு இணைத்து ஆராயும் வழியைக் காட்டி அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் முதலியோரின் எழுத்துகளைச் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் பிரீதம் சக்ரவர்த்தியின் மொழிபெயர்ப்பில் 2008இல் ஆங்கிலத் தொகுப்பாக்கியது. ஆங்கில வாசகர்க்குத் தொகுத்தளிக்கத் தகுந்தது தமிழ்த்துறையின் கருத்தரங்கிற்கு மட்டும் தகாததாவது எங்ஙனம்?

ஐம்பதாண்டு கழித்து ஆராய்வதால் ஆய்வுக்கு இழப்பொன்றும் இல்லை எனலாம். வாசகர்க்கு உண்டு. இன்று பதினாறு வயதில் ‘ஆன்டி ஹீரோ’வைக் காதலின் இலக்கணமாகக் கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு 2070இல் வரும் ஆய்வேடு எவ்வகையிலும் உதவாது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. இளையோர் புதினத்தின் இரு கூறுகளான காதலும் மாயமும் தமிழ் மரபின் நடுவிடத்தில் உள்ளவை. அவற்றை அயல் எனத் தள்ளுவது அகமரபையும் காப்பியத்தையும் மறந்த கூற்று.

2. தமிழ்ப் பதிப்புலகம் மாயத்தைச் சிறுவர்க்கும் காதலை மணமானோர்க்கும் பங்கிட்டதால் பதின்பருவத்தார்க்குரிய இடைநிலை வெற்றிடமாயிற்று.

3. இப்புதினங்களின் கடுங்குறை, வன்முறையை அன்பாகக் காட்டுதல். ஐந்திணை, பெருந்திணை என்னும் பாகுபாடு அக்குறையை அளக்கும் தகுந்த கருவி.

4. முதுகலைப் பாடத்திட்டத்தில் இளையோர் இலக்கியம் விருப்பப் பாடமாக வைக்கப்பெற வேண்டும். துறை நூலகங்கள் இந்நூல்களை வாங்க வேண்டும். இவற்றை ஆராய முன்வரும் மாணவர் தம் தலைப்பிற்காக நாணும் நிலை ஒழிய வேண்டும்.

இவற்றுள் எதனையும் ஏற்காதார் மறுத்தெழுதலாம். அம்மறுப்பை இக்கட்டுரை எதிர்நோக்குகிறது. ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. மறுப்பவர் தாம் மறுக்கும் புதினங்களுள் மூன்றையேனும் முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை படித்துவிட்டு எழுதுவாராக. பாடம் கேளாமல் உரை கூறுவதை நம் உரையாசிரியர் எவரும் ஏற்றதில்லை.